கடைசி வரிசை டிவி

பழைய டிவி உயிரை விட்ட அன்று என் கணவர் எனக்குச் சொன்ன ஆறுதல் இதுதான்: "உனக்குப் பிடிச்சதா ஒண்ணு பாத்து வாங்கிக்கோ. நான் எங்க உக்காந்து பாக்கப் போறேன்."

எனக்கு வந்ததே கோபம். முப்பத்தோரு வருடமாக ஞாயிறு மதியம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு சினிமா. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரே சோபாவில் உட்காருவோம். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் சண்டை. கதாநாயகி அந்த மனிதனை மன்னித்தது சரியா தப்பா என்று ஒரு தடவை மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் இந்த இரண்டு வருடமாகப் படம் ஆரம்பித்த கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார். ஒரு நாள் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்பார். இன்னொரு நாள் தூக்கம் வருகிறது என்பார். கதை எப்படி என்று கேட்டால், "ஏதோ இருக்கு" என்று நழுவிவிடுவார்.

சண்டை போடக்கூட நான் லாயக்கில்லாமல் போய்விட்டேனா? மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவருக்கு மற்றவர் அலுத்துப்போனால் மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது? வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பளிச்சென்று ஒரு டிவியும், அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் டிஸ்க்குகளுக்குத் தோதாக ஒரு ஹெச்டி பிளேயரும் வாங்கிப் போட்டால் மனிதர் மறுபடி சோபாவுக்கு வருவார். அவர் தகரப் பட்டறையில் முப்பது வருடமாக பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். எந்த மெஷினைக் கண்டாலும் ஒரு கருத்துச் சொல்லாமல் நகர மாட்டார். "நீங்க வரலன்னா என்னை ஏமாத்திடுவாங்க" என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. தினமும் நூறு பேரைச் சமாளிக்கிறேன். என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவர் பிறந்து வர வேண்டும். அது வேறு விஷயம்.

கடை வாசலிலேயே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி பாடிக்கொண்டிருந்தது. அதன் பக்கம் நாங்கள் திரும்பவில்லை. நம் கைக்கு எட்டுகிற டிவிகளுக்குக் கடைசி வரிசை, மாடிப்படிக்குக் கீழே, காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். அங்கே ஏழு டிவி. ஏழிலும் ஒரே பெண் மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒரே இரைச்சலாகிவிடும் என்று வாசல் டிவிக்கு மட்டும் சத்தம் வைத்து, மற்றதையெல்லாம் ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட விற்பனைப் பெண், என் வயதுதான் இருக்கும், பொறுமையாக விளக்கினாள்.

"டிஸ்க் போட்டுப் பாப்பீங்கன்னா இந்த முப்பத்திரண்டு வேணாம் மேடம். டிஸ்க்ல இருக்கிற தெளிவு இதுல பாதிதான் வரும். அந்த நாப்பது ஃபுல் ஹெச்டி. அதுல சினிமா நல்லாருக்கும். இருட்டு சீன்ல கறுப்பு கறுப்பாவே தெரியும், சாம்பல் பூசின மாதிரி இருக்காது."

நான் ஒவ்வொரு திரையின் முன்னாலும் நின்று குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிவிகளின் முதுகில் இருக்கும் ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்பனைப் பெண் நாற்பது அங்குல டிவிக்குச் சத்தம் வைக்க ரிமோட்டை அமுக்கினாள். வேலை செய்யவில்லை. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"சத்தம் எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சத்தம் வந்த பிறகு சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில்.

அவர் டிவி அருகே வந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். பாடகியின் வாயையே பார்த்தார். பிறகு, மெஷின் சரியாகிவிட்டது என்று முதலாளிக்குச் சொல்கிற தோரணையில் தலையை ஆட்டினார்.

"கணீர்னு இருக்கு. இந்தப் பொண்ணு குரல் தெளிவா கேக்குது."

டிவி ஊமையாகத்தான் இருந்தது.

சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்ட வாயைத் திறந்துவிட்டேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. சரியாகச் சொன்னோமா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறையில் எட்டு மணி நேரமும் மெஷின் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கை ஜாடையும் உதட்டசைவும்தான் அங்கே பாஷை. காது போனாலும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் நான் எதிரே நின்றுதான் கத்துவேன். என் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறார். சினிமாவில் நடிக்கிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டும் பேசுவார்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் அலுத்துப்போகவில்லை. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

விற்பனைப் பெண், "சார், அதுல இன்னும்..." என்று ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு" என்றேன் அவரிடம். பிறகு அவருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு அவளிடம் சொன்னேன்: "எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். நீங்க சத்தமா பேசுங்க."

இவ்வளவு நேரமும் அவள் முணுமுணுத்ததற்கெல்லாம் பதில் சொன்னவள் நான். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் எழுப்பிய குரலுக்கு வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடம்! இந்த டிவிக்கு ஸ்பீக்கர் பின்பக்கம்! சத்தம் சுவத்துல பட்டுத்தான் வரும்!"

"அப்படி வெச்சா எப்படிம்மா?" என்று குறுக்கே வந்தார் என் கணவர். "முன்னாடி வெக்கிறதுக்கு என்ன கேடு?"

அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. பிளேயரை எங்கே செருகுவது, எத்தனை வருடம் வாரண்டி, டிஸ்க்கில் கீறல் விழுந்தால் ஓடுமா ஓடாதா என்று அவளைக் குடைந்து எடுத்துவிட்டார். அவளும் சளைக்காமல் கத்தினாள். இரண்டு பிளேயரை மாட்டிக் காட்டச் சொல்லி, வசனம் எழுத்தாக வருமா என்று நான் கேட்டேன். மலிவானதில் எழுத்து எறும்பு சைஸில் வந்தது. மற்றதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அவர் எங்கள் சோபாவின் தூரத்தைக் காலடியால் அளந்து பின்னால் போய் நின்று, ஒரு வரியை வாய்விட்டுப் படித்தார்.

"இதையே எடுத்துக்கலாம். உனக்குச் சௌகரியமா இருக்கும்" என்றார்.

டிவியும் பிளேயரும் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும் என்றார்கள். வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக எனக்கு நாலடி முன்னால் நடக்கிற மனிதர்.

அந்தப் பக்கம் போனதும் அவருக்கு எதிரே நின்று சொன்னேன். "விடுங்க. எனக்கு ஹாரன் எல்லாம் நல்லா கேக்கும்."

"தெரியும். எனக்குத்தான் கேக்கல" என்றார். கையை எடுக்கவில்லை. "நீ என்னைக்குச் செவிடானே? மாடி வீட்டுல பாத்திரம் விழுந்தா எந்தப் பாத்திரம்னு சொல்றவ."



"சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"நீ சிரிக்கிறப்ப உன் மூஞ்சியப் பாத்து நானும் சிரிச்சேன். கொஞ்ச நாள் ஓடிச்சு. அப்புறம் நீ கதை எப்படின்னு கேக்க ஆரம்பிச்சே." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கேக்காதவனோட உக்காந்து என்னத்தப் பாக்கப் போறேன்னு நீ எந்திரிச்சிப் போயிடுவியோன்னு, நானே முதல்ல எந்திரிச்சிப் போனேன்."

நடுத்தெரு என்றும் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன். காது டாக்டரிடம் கூட்டிப்போவேன் என்றதற்கு மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார்.

ஞாயிறு மதியம், டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது. சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டேன். வசனம் கீழே பெரிய பெரிய எழுத்தில் ஓடியது. கால் மணி நேரம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

படத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் யாரும் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. எழுத்து முந்திக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் படித்துவிட்டார்.

"என்னங்க?" என்று அவர் தோளைத் தட்டிக் கேட்டேன்.

"இரு, இரு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப சொல்லுவான் பாரு."