சாராள் பட்டப்பகலில் காய்ச்சியது

1971 ஆகஸ்ட் கடைசியில் மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள் என்ற சேதியை, புதுவாயல் கூட்டுரோடிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னவள் பக்கத்து வீட்டு விக்டோரியா.

"இனிமே குடிச்சா கேஸ் இல்லியாம்! டீக்கடை ரேடியோவுல சொல்லிட்டான்!"

சாராள் கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஏரிக்கரை முள்காட்டுக்குள் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுத் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சியவள். போலீஸ் உடைத்த பானைகளே முப்பதுக்கு மேல் இருக்கும்.

"யோவ், எழுந்திரு! பானையைத் தெருவுக்குத் தூக்கினு வரலாம்" என்று புருஷன் தாவீதை உலுக்கினாள்.

"தெருவுக்கா? பகல்லயா?"

"பகல்லதான்யா! அதான் கேஸ் இல்லியே!"

அரைமணியில் தெரு நடுவே அடுப்பு எரிந்தது. ஊறல் பானையின் மூடியைக் களிமண்ணால் பூசி, குழாயைச் செருகி, அதன் வாயில் கண்ணாடி பாட்டிலை வைத்தாள். முதல் சொட்டு விழுந்தபோது அதில் வெயில் மின்னியது. இத்தனை வருஷமும் முள் மறைவில் மோப்பத்தாலேயே பதம் பார்த்தவளுக்கு, தன் சரக்கு இவ்வளவு தெளிவென்று அன்றுதான் தெரிந்தது.

"ஐயோ, பாருங்கடி! ஊத்துத்தண்ணி மாதிரி கீது!"

யாரோ தகரடப்பாவைத் தட்ட, தாவீது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினான்.

அப்போதுதான் ஏட்டு தேசப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒருவரும் ஓடவில்லை. அதுதான் அவரைக் குழப்பிவிட்டது.

"இன்னாடா நிக்கிறீங்க? ஓடுங்கடா!"

"எதுக்கு ஓடணும் ஏட்டய்யா? குந்துங்க" என்று சாராள் ஸ்டூலைப் போட்டாள்.

தேசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ஏலத்துல கடை எடுத்தவன்தான் விக்கலாம். நீ ஊட்ல காய்ச்சினா இன்னிக்கும் கேஸ்தான்."

"குடிச்சா?"

"கேஸ் இல்ல."

"காய்ச்சினா?"

"கேஸ்."

சாராள் தெரு நடுவே எரியும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மறுநொடியே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"பானையை எடு, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றார் தேசப்பன்.

"கொதிச்சிக்கினு கீதே. ஆறட்டும்."

வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். குழாய் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஆசீர்வாதம் டம்ளரோடு வந்து பணிவாகக் கேட்டான்: "குடிச்சா கேஸ் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தேசப்பன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சொன்னதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. ஆசீர்வாதத்தின் பின்னால் வரிசை நின்றது. பானை ஆறுவதற்குள் பாட்டில் காய்ந்துபோனது. சைக்கிள் தாங்காதென்று மிச்ச ஊறலைச் சாக்கடையில் கொட்டச் சொன்னவரும் தேசப்பனேதான்.

பானையைக் கேரியரில் கட்டி அவர் தள்ள, சாராள் கூடவே நடக்க, பின்னால் தெருவே கொட்டடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பியது. கல்கத்தா ரோட்டில் வந்த ஆந்திரா லாரிக்காரர் பெரியபாளையத்தம்மன் கரகம் என்று நினைத்து, வண்டியை ஓரங்கட்டிப் பானையைக் கும்பிட்டார். சாராள் சிரித்துச் சிரித்து ரோட்டோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். தேசப்பனும் ஹேண்டில்பாரில் முகத்தைக் கவிழ்த்துக் குலுங்கினார்.

ஸ்டேஷனில் ரைட்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரக்கு எங்கய்யா?"

தேசப்பன் ஜன்னலைக் காட்டினார். வெளியே நாற்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ரைட்டர் பேனாவை மூடினார். "காலிப்பானைக்கு நான் இன்னா எழுதறது? பானை இங்கயே இருக்கட்டும். நீ போம்மா. இன்னொரு வாட்டி மாட்டின, உள்ளதான்."

சாராள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஐயா, அந்தக் கடை ஏலம் எங்க நடக்குது? பொம்பள கேக்கலாமா?"

ரைட்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு மோட்டுவளையைப் பார்த்தார். கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லையே என்று அவள் படியிறங்கி, தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆடிக்கொண்டே போனாள்.