முதல் தாளில் இருந்த பெயர்

"நான் எழுதலன்னு அவங்ககிட்ட எத்தன வாட்டிடி—"

"கத்தாத சுலை, ஒங்கத்தா காதுல—"

"விழட்டும்லா! தட்டுனது நீ, தாள்ல எம்பேரு!"

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மீரா முகைதீன் சாப்பாட்டுக் கடை. அதன் பின்கட்டில், வெங்காயக் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் இருவர். சுலைகா கடைக்காரர் மகள். தவமலர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பசுபதியின் மகள். கோலாலம்பூரில் ஒரே பல்கலைக்கழகம், விடுதியிலும் ஒரே அறை.

சுலைகாவுக்குக் கோபப்படக்கூட அசதியாக இருந்தது. மூன்று நாளாகப் பல்கலைக்கழக விசாரணையில் ஒரே கேள்வி, ஒரே பதில். கம்ப்யூட்டர் அறையில் ஆளுக்கொரு பாஸ்வர்ட் கொடுத்தபோதே, யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னார்கள். தவமலர் தன்னுடையதை மறந்துவிட்டு வந்து கேட்டாள். வாளி கேட்டால் கொடுப்பதில்லையா, இஸ்திரிப்பெட்டி கேட்டால்? அப்படித்தான் அதையும் கொடுத்தாள்.

அதில் நுழைந்து தவமலர், வகுப்புத் தோழி ஹமீதாவையும் ஒரு விரிவுரையாளரையும் சேர்த்து அசிங்கமாக நாலு வரி தட்டி, அச்செடுத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டுவிட்டாள். யாருடைய பாஸ்வர்டோ அவர் பெயரோடு தானாக வரும் முதல் தாளை மட்டும் மெஷினிலேயே விட்டுவந்தாள். அதில் கொட்டை எழுத்தில் சுலைகாவின் பெயர்.

"வெளையாட்டுக்குத்தாண்டி..."

"ஹமீதா படிப்பே வேணாம்னு சொந்த ஊரு ராசாவுக்கு ரயிலேறிட்டா. அவகிட்டப் போய்ச் சொல்லு, வெளையாட்டுன்னு."

தவமலர் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

"அப்பா தாங்கமாட்டாரு சுலை. எங்க தோட்டத்துலேர்ந்து மொத மொத யூனிவர்சிட்டி போனது நாந்தான்."

"எங்கத்தா மட்டும்? மீ கோரெங் தட்ட வைக்கறதுக்கு முன்னாடி எம்பேரச் சொல்றாரு, வர்றவன் போறவன்கிட்டல்லாம்."

"நீ ஒத்துக்கிட்டா வார்னிங் லெட்டரோட விட்ருவாங்கலா. ஒனக்கு நல்ல பேரு இருக்கு."

"இருந்துச்சு. இப்ப அந்தப் பேரையே அடிச்சு, வெளிய அனுப்பப் போறாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு முடிவு."

முன்னாலிருந்து அத்தாவின் குரல் வந்தது. "சுலைகா! வெங்காயம் என்னம்மா ஆச்சு?"

"வருதுத்தா!"

கத்தியைக் கழுவி வைத்தாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"பாஸ்வர்ட குடுத்தது என் தப்பு. அத நான் சொல்லிக்கிறேன். ஒன் தப்ப நீதான் சொல்லணும், மலர்."

தவமலர் குனிந்தபடி தோல்களைக் கூட்டிக் குவித்தாள். சுலைகா வாசலில் நின்று திரும்பினாள்.

"காலைல ஏழு மணி பஸ்ஸுல ரெண்டு எடம் புடிச்சு வைக்கவா, ஒண்ணு போதுமாடி?"