நைநை

பொன்னுராஜின் மகள் செண்பகவல்லி இந்த உலகத்துக்கு வந்து செய்த காரியங்களில் ஒன்றைக்கூட பொன்னுராஜ் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் கேள்விப்பட்டதுதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நின்று அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருப்பது அவன் வேலை. பிள்ளை குப்புற விழுந்தபோது அவன் பகல் ஷிப்ட். தவழ்ந்தபோது அரைநைட் ஷிப்ட். முதல் பல் முளைத்தபோது மட்டும் வீட்டில் இருந்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கால் பெருவிரலைக் கடித்துத்தான் அந்தப் பல் தன் வரவைத் தெரிவித்தது.

அவள் முதல் அடி எடுத்து நடந்தது பக்கத்து வீட்டு வெங்கம்மா முற்றத்தில், ஒரு கோழியை விரட்டிக்கொண்டு. சேதி கேட்டு மில்லிலிருந்து ஓட்டமாக வந்து, "அப்பாவுக்காக ஒருக்கா நடம்மா" என்று கெஞ்சினான். மகள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். கோழிக்குக் கிடைத்த மரியாதை அவனுக்குக் கிடைக்கவில்லை.

சரி, போகட்டும். அவள் "அப்பா" என்று கூப்பிடுவதை மட்டும் யார் வாயாலும் கேள்விப்படக் கூடாது, தன் காதால் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தான். வேறு ஆசை எதுவும் அந்த நாட்களில் அவனுக்கு இல்லை. மகளோ அம்மா சொன்னாள், காக்கா சொன்னாள், தெருவில் போன டிவிஎஸ் வண்டிக்கு டுர்ர் சொன்னாள். ஓசிப் பீடி கேட்டு ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்த மில் கூட்டாளி சங்கிலிப்பாண்டியைப் பார்த்து 'மாமா' என்றாள். அன்று பொன்னுராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"நை நை! நை நை!"

"இந்தா, தொடங்கிட்டா" என்பாள் அவன் மனைவி வெள்ளத்தாய். "பெத்த அப்பனைப் பாத்து எதுக்குட்டி இப்படி நைநைங்க? செத்த நேரம் சும்மா இரி."

"என்னியக் கண்டாலே ஆகல இவளுக்கு. வேற என்ன?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைக்கூடத் தட்டாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வான். உள்ளபடிக்கே மனசு வலித்தது அவனுக்கு.

வெள்ளத்தாயும் பேண்டேஜ் துணி சுற்றுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் பிள்ளை வெங்கம்மாவிடம்தான். அது தெலுங்கு பேசுகிற வீடு. புருஷன் லாரி டிரைவர். மூன்று பையன்கள் சத்தத்தில் பிள்ளையும் ஒன்றாக வளர்ந்தது.

வெங்கம்மா ஒரு கல்யாணத்துக்குப் போன நாளும் பொன்னுராஜின் லீவு நாளும் ஒன்றாக வந்தன. வெள்ளத்தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. முதல் முறையாக அப்பனும் மகளும் தனியே ஒரு பகல் முழுக்க. சங்கிலிப்பாண்டிதான் வழி சொன்னான்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போலே. சூடாப் பால்கோவா வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, அப்பா சொன்னாத்தான்னு கறாரா நில்லு. சொல்லாம எங்க போவா?"

பொன்னுராஜுக்கு அது சரியாகவே பட்டது. பிள்ளைக்குப் பவுடர் பூசி, ரோஸ் கவுன் போட்டு, ரிப்பன் கட்டி பஸ் ஏறினான். வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் நின்று டுர்ர் என்று தானே வண்டியை ஓட்டி வந்தாள்.

கடைவீதியில் பால்கோவா வாங்கி, அவள் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"அப்பா சொல்லு, பால்கோவா தாரேன்."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "நை நை."

"நைநை இல்லட்டி. அப்பா. அப்-பா."

உதடு பிதுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. கறாராக நிற்க வந்தவன் அவ்வளவுதான், ஒரு விள்ளலை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டான். அவள் சப்புக்கொட்டினாள். முகம் மலர்ந்தது. பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டித் தெளிவாகச் சொன்னாள்.

"கோவா!"

"அடிப்பாவி! இப்பம் பாத்த பால்கோவாவுக்குப் பேரு சொல்லுத. அப்பனுக்குச் சொல்ல வாயி வரலையா ஒனக்கு?"

இந்த ஆவேசத்தில் அவன் வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் வேட்டி கட்ட யாராலும் ஆகாது. பிள்ளையைக் கீழே இறக்கி, பொட்டலத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு, வேட்டியை உதறிக் கட்டி நிமிர்ந்தான்.

பிள்ளையைக் காணோம்.

கோழியை விரட்டத் தெரிந்த கால் அது. பால்கோவா எங்கே விழுந்ததோ, பாதி கட்டிய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "செண்பகம்! ஏ செண்பகம்!" என்று கூட்டத்துக்குள் விழுந்து ஓடினான். இனி அவள் பேசவே வேண்டாம், முழுசாகக் கிடைத்தால் போதும் என்று வழியில் தெரிந்த கோபுரத்துக்கெல்லாம் நேர்ந்துகொண்டான்.

பூக்கடை முன்னால் சின்னக் கூட்டம். நடுவில் பூக்காரம்மா இடுப்பில் ரோஸ் கவுன். மகள் தன் பாட்டுக்கு ஒரு மல்லிகைச் சரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பிள்ளை! அது எம்பிள்ளை!" என்று பாய்ந்தான். பூக்காரம்மா பிள்ளையோடு ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

"நில்லுய்யா. ஒம்பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

கூட்டம் அவனை ஏற இறங்கப் பார்த்தது. கலைந்த தலை, அரைகுறை வேட்டி, பேயறைந்த முழி. பிள்ளையோ பவுடரும் ரிப்பனுமாக இருந்தது. முறுக்கு மீசைக்காரர் ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவன் நடமாட்டம்னு பேச்சாக் கெடக்கு. என்னலே, முழியே சரியில்லையே?"

"அதுகிட்டயே கேப்போம்" என்றாள் பூக்காரம்மா. "பாப்பா, இது யாரு? சொல்லு கண்ணு."

பொன்னுராஜ் பிள்ளையின் வாயையே பார்த்தான். எத்தனையோ மாதமாக அவன் தலைகீழாக நின்றும் வராத வார்த்தை, இப்போது இத்தனை பேர் முன்னால் வர வேண்டுமாம். 'அம்மா தாயே, இன்னைக்கு மட்டும் நைநைன்னு அழுதுராத' என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

செண்பகவல்லி மல்லிகையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் அவனை நோக்கித் தூக்கினாள்.

"நை நை!"

தீர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான். காலரில் பிடி இறுகியது.

"நை...னா! நைனா!"

"அட, விடுங்கய்யா அவரை!" என்று பூக்காரம்மா சத்தம் போட்டாள். "பிள்ளைதான் நைனா, நைனான்னு கூப்பிடுதுல்ல. தெலுங்கு வீட்டுப் பிள்ளை, அப்பனை நைனான்னுதான் சொல்லும்."

பொன்னுராஜ் கண்ணைத் திறந்தான். வேலை முடிந்து அவன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வெங்கம்மா பிள்ளையிடம் "நைனா ஒச்சினாடு", அதாவது நைனா வந்துட்டார் என்று கை காட்டுவது நினைவுக்கு வந்தது. அவள் தன் புருஷனைச் சொல்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தான்! அப்படியானால், தினமும் வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இந்தப் பிள்ளை அவனை அப்பா, அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அவன்தான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போயிருக்கிறான்.

பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, நடுவீதியில் வெட்கமில்லாமல் அழுதான். காலரைப் பிடித்த மீசைக்காரரே கசங்கிய காலரை நீவிவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கனிவாக, "மீதி ஏ ஊரு?" என்று தெலுங்கில் அவன் ஊரை விசாரித்தார். பொன்னுராஜுக்கு வெங்கம்மா வீட்டிலிருந்து தெரிந்த தெலுங்கு ஒரே வாக்கியம்தான். இத்தனை பெரிய உதவிக்கு அதையாவது சொல்லாமல் போகக் கூடாதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னம் தின்னாவா?" என்றான். பெரியவர் குழம்பிப்போய், சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டினார்.

வீடு வந்து சேரும்போது வெள்ளத்தாய் வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன, சொன்னாளா?"

அலைச்சலில் அவன் களைத்துப்போயிருந்தான். பிள்ளையை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து, "அப்பாடா" என்று தரையில் உட்கார்ந்தான். செண்பகவல்லியும் அவனைப் பார்த்தபடியே பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்பாதா!"

"அய்யோ, அப்பா சொல்லிட்டா!" வெள்ளத்தாய் துள்ளிக் குதித்தாள். "கேட்டீகளா? அப்பாங்கா! இம்புட்டு நாளும் இதுக்குத்தான தவங்கெடந்தீக!"

"அது களைப்புக்குச் சொன்னது" என்றான் பொன்னுராஜ், மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு. "என் பேரு அது இல்ல. நீ சொல்லு தாயி, நான் யாரு?"