நான் அன்டெனாவாக இருந்த பதினொரு நிமிடம்

மட்டக்களப்பு வாவியின் நடுவில் பதினொரு நிமிடம் நான் அன்டெனாவாக இருந்தேன். அன்டெனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று சொல்லவில்லை, அன்டெனாவாகவே இருந்தேன். அந்த நேரமெல்லாம் கரைக்குச் செய்தி அனுப்பியது என்னுடைய தொப்பைதான். கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தால் அந்தமானுக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் ஊர் நாவற்குடாவில் எல்லோரும் இதை நம்பிவிட்டார்கள். என்னோடு வாதாடுவதைவிட அது சுலபம். றொனால்ட் மட்டும் லேசில் நம்பவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன், இப்போது மீனவர் சங்கச் செயலாளர். கண்ணால் காணாத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டான்.

சங்கத்துத் தோணிகளுக்கு ஒரு பெட்டி தேவைப்பட்டது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் தோணி நிற்கும் இடத்தை அது கரைக்குச் சொல்லவேண்டும். சவர்க்காரப் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தால் வலை சிக்கும், ஆகவே வேண்டாம் என்பது சங்கத் தீர்மானம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அன்டெனா ஆராய்ச்சி செய்யும் செங்கலடிப் பிள்ளை கஜானி அதைச் செய்துதர முன்வந்தாள். கரைக்குப் போகும் தூரச் செய்திக்கு ஓர் அலைவரிசை, செய்மதியிடம் இடம் கேட்க இன்னொன்று, கைத்தொலைபேசியோடு கதைக்க வேறொன்று. மூன்றுக்கும் மூன்று அன்டெனா வைத்தால் சவர்க்காரப் பெட்டி சூட்கேஸ் ஆகிவிடும். எல்லா அலையையும் தானே விழுங்கும் ஒரே அன்டெனாவை, பாதி வெற்றிலை அளவுத் தகட்டில் அவள் வரைந்திருந்தாள்.

ஆய்வுகூடத்தில் அது அற்புதமாகப் பேசியது. வாவியில் இரண்டு தடவை ஊமையாகிவிட்டது. மூன்றாம் தடவையும் தோற்றால் சங்கம் கைகழுவிவிடும், அவளுடைய இரண்டு வருட உழைப்பு அலுமாரிக்குள் போய்விடும்.

மூன்றாம் தடவை தோணி என்னுடையது. துடுப்புப் போட்டவனும் நானே, எதிரே பெட்டியோடு கஜானி இருந்தாள். பெட்டி அரை நிமிடத்துக்கு ஒரு செய்தியைத் தானாக அனுப்பிக்கொண்டிருந்தது. றொனால்ட் சங்கக் கட்டடத்தில் கணினித் திரைக்கு முன்னால் இருந்து தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வரல்ல.”

“இதுவும் வரல்ல.”

“சங்கத்துக் கூரைக்குக் கொக்கு வந்திருக்கு புள்ள. உன்ட செய்தி வரல்ல.”

கஜானி மூடியைக் கழற்றிப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் பைக்குள் எதையோ தேடினாள். நான் முப்பத்துநாலு வருடம் தொலைபேசிக் கம்பி இழுத்தவன். திறந்து கிடக்கும் இணைப்பைக் கண்டால் என் கட்டைவிரல் தானாகப் போய் அதன்மேல் குந்திவிடும். இந்தப் பழக்கத்துக்காக மூன்று மேலதிகாரிகள் திட்டியிருக்கிறார்கள், ஒரு மின்னல் எச்சரித்திருக்கிறது.

“வந்திட்டு!” என்று தொலைபேசி கத்தியது. “அடுத்ததும் வந்திட்டு!”

கஜானி திரும்பி என் விரலைப் பார்த்தாள். “அங்கிள், கைய எடுங்க.”

“வரல்ல.”

“வைங்க.”

“வந்திட்டு. என்ன புள்ள விளையாட்டு இது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “லாப்ல அளக்கிற மெசினுக்கு ஒரு வயர் போகும் அங்கிள். தூரத்துக்குப் போற அலை நீளமானது. அதுக்கு இந்தத் தகடு மட்டும் காணாது. அந்த வயர்தான் மிச்ச நீளத்தக் குடுத்திருக்கு. நான் தகட்ட அளக்கிறன் எண்டு நினைச்சு, தகட்டையும் வயரையும் சேத்து அளந்திருக்கன். இங்க வயர் இல்ல. இப்ப நீங்கதான் வயர்.”

“வயர் இழுத்தே வயராப் போனன் எண்டு சொல்லு.”

என் சாப்பாட்டுப் பையின் கைபிடி அறுந்து, பழைய தொலைபேசிக் கம்பி போட்டிருந்தேன். அதில் ஒரு சாண் வெட்டி, என் விரல் இருந்த இடத்தில் முறுக்கித் தொங்கவிட்டாள். பத்துச் செய்தி போனது, பத்தும் வந்தது. பெட்டியைத் தோணியில் கட்டும் நாடாவுக்குள் கம்பியைத் தைத்துவிடலாம் என்றாள். சங்கம் அளவு சொன்னது பெட்டிக்குத்தான், நாடாவுக்கு இல்லை.

கரைக்கு வந்தால் றொனால்ட் பேனாவை மூடி வைத்திருந்தான்.

“வயர் கட்டின பிறகு பத்தும் வந்தது, சரி. அதுக்கு முன்னம் இடைக்கிட வந்துவந்து போனதே, அது என்ன? தன்ட எண்ணத்துக்கு வாற சாமான நம்பி ஆக்கள வாவிக்கு விட ஏலுமா?”

“அது நான்தான் மச்சான்.”

“நீ வாய மூடு நோபேட். உன்ட தூண்டில்ல முதலை வந்து மன்னிப்புக் கேட்டது எண்டவன் நீ.”

“அது சின்ன முதலை.”

கஜானி சிரிக்கவில்லை. கம்பியைக் கழற்றினாள். “அப்ப நீங்களே பாருங்க அங்கிள். போன் வேணாம். இருபத்திரெண்டு செய்தி. வந்ததையும் வராததையும் நீங்க எழுதுங்க. இவர் விரல் வச்சதையும் எடுத்ததையும் நான் எழுதுறன்.”

மறுபடி வாவிக்குப் போனோம். அவள் கண் காட்டியபடி விரலை வைத்தேன், எடுத்தேன். பதினொரு நிமிடம். வாவி மீன்களெல்லாம் தோணியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன, அதை விடுவோம்.

இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் வைத்தார்கள். றொனால்ட் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனான். பதினேழாவதில் நின்றான்.

“இதுல விரல் வச்சது எண்டு புள்ள எழுதியிருக்கு. எனக்கு வரல்ல. பாத்தியா?”

கஜானி தன் தாளை மறுபடி பார்த்தாள். பொய்யாக ஒரு புயலைச் சொல்லியிருக்கலாம். நல்ல புயலொன்று வாய்வரைக்கும் வந்தது.

“கொசு கடிச்சது மச்சான்,” என்றேன். “சொறியக் கை எடுத்திட்டன். புள்ள அந்த நேரம் குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தது. என்ட பிழை.”

என் கழுத்தில் இருந்த தடிப்பை றொனால்ட் கிட்ட வந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அறுபது வருடத்தில் என் வாயிலிருந்து ‘என்ட பிழை’ என்ற சொல்லை அவன் கேட்டதில்லை.

மிச்ச ஐந்து வரியும் பொருந்தின. பேனாவைத் திறந்து கஜானியின் தாளில் கையெழுத்துப் போட்டான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“ஓம்,” என்றான் றொனால்ட், என்னைப் பார்க்காமல். “நடந்ததுதான். நோபேட் அன்டெனாவா இருந்தவன்.”