திருநீறு பூசிய டொலர்

வெள்ளிக்கிழமை காலைகளில் நிலாணி தன் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். ஈரத்துணியில் ஒரு சிட்டிகை திருநீற்றைத் தொட்டு, விளக்கின் கழுத்து மடிப்புகளுக்குள் விரலை விட்டு, கறுப்பெல்லாம் போகும்வரை தேய்ப்பாள். கழுவித் துடைத்து யன்னலோரம் வைத்தால், டொரன்டோவின் வோபர்ன் பகுதி அடுக்குமாடி வீட்டின் அந்தச் சின்னக் குசினிக்கே ஒரு வெளிச்சம் வந்துவிடும்.

அன்றைக்கும் அவள் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது. இரவு வேலை முடித்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் வாகீசன் எடுத்தான்.

"மச்சான், என்ரை டொலருக்குப் புள்ளி வந்திட்டுது. அறுபத்திமூண்டு!" பழைய நண்பன் கஸ்பரின் குரல் துள்ளியது.

"அப்பிடியே? நல்லது, நல்லது," என்றான் வாகீசன். தேநீர் அதற்குள் கசந்துவிட்டது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, இருவரும் ஒரே நிலக்கீழ் அறையில் இன்னும் சிலரோடு பாய் விரித்துப் படுத்த காலத்தில், ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பதைக் கண்டார்கள். இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மேசையில் கிடந்த ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டு வெள்ளி டொலர்கள் இருந்தன. இரண்டும் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் ஓர் ஓடத்தில் இரண்டு பேர் துடுப்பு வலித்துக்கொண்டு போனார்கள். இருவருமாய்க் காசைப் போட்டு வாங்கிவிட்டு, யாருக்கு எது என்று பூவா தலையா போட்டார்கள். கஸ்பர் வென்றான். இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு, விளிம்பைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாய்க் கறை பிடித்திருந்த மற்றதை வாகீசனிடம் நீட்டினான்.

அந்தக் கறை அன்று முதல் வாகீசனின் மனத்துக்குள்ளும் பிடித்துக்கொண்டது. நல்லதெல்லாம் கஸ்பருக்குத்தான். கஸ்பருக்குத்தான் முதலில் கனடாவில் தங்குவதற்கான பேப்பர் கிடைத்தது. கஸ்பர் பஸ் ஓட்டும் வேலைக்குப் போனான். வாகீசன் இன்னும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடி எண்ணிக்கொண்டிருந்தான். போன வருடம் கஸ்பர் ரூஜ் பக்கம் புது வீடும் வாங்கினான். அந்த வீட்டுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் வாகீசன் காருக்குள் பேசாமலே வருவான். அந்த வீட்டு யன்னல்களில் வெயில் விழுகிற விதம்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

பழைய நாணயங்களின் தரத்துக்கு ஒன்று முதல் எழுபது வரை புள்ளி போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருந்தன. புழக்கத்துக்கே போகாமல் புதிதாய் இருப்பதுதான் அறுபதைத் தாண்டும். அடுத்த ஞாயிறு கஸ்பர் அதைப் பற்றி விளக்கினான்.

"இஞ்சை டொரன்டோவிலையே ஒரு இடம் இருக்கு மச்சான். கடுமையான ஆக்கள். புள்ளி போட மனமே வராது அவைக்கு. ஆனா அவை போட்டால் பேந்து ஒருத்தரும் மறுகதை கதையாயினம். அங்கையே குடு. ஒண்டு மட்டும் சொல்லுறன், டொலரைத் தொடாதை. கழுவாதை, துடைக்காதை. கிடந்தபடியே குடு."

"ஓம், ஓம்," என்றான் வாகீசன்.

வீட்டுக்கு வந்ததும் நிலாணியிடம் சொன்னான். "விளங்குதே அவன்ரை கெட்டித்தனம்? புள்ளி போடாத ஆக்களிட்டைப் போகட்டாம். அதுவும் ஊத்தையோடை போகட்டாம். பொம்பிளை பார்க்க வாற அண்டைக்கு ஆரும் ஊத்தைச் சட்டையோடை பிள்ளையைக் கொண்டுவந்து நிப்பாட்டுவினமே?"

"கஸ்பர் அண்ணை உங்களுக்கு ஏன் பொய் சொல்லப் போறார்?"

"நீர் சும்மா இரும். உமக்கு ஆக்களைத் தெரியாது."

நூலகத்தில் நாணயச் சஞ்சிகைகளைப் புரட்டினான். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் இருந்தன. எல்லை தாண்டி அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. டொரன்டோ நிறுவனமோ மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சின்ன அட்டையும்தான் தரும். கடைசிப் பக்கத்தில் தபால் பெட்டி இலக்கத்தை மட்டுமே முகவரியாகக் கொண்ட ஒரு விளம்பரம் இருந்தது. உங்கள் பொக்கிஷத்துக்கு உரிய மரியாதை என்றது அது. கெட்டியான கண்ணாடி போன்ற பெட்டி, பொன்னிற எழுத்து, மேசையில் நிறுத்திவைக்க ஒரு தாங்கி. படத்தில் இருந்த நாணயங்கள் எல்லாமே அறுபத்தைந்துக்கு மேல். குறைந்த புள்ளி ஒன்றுகூட ஏன் அங்கே இல்லை என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கஸ்பரின் அறுபத்துமூன்று அவன் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

நிலாணி வேலைக்குப் போனபிறகு சாமித்தட்டில் இருந்து திருநீற்றுப் பெட்டியை எடுத்தான். ஈரத்துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தான். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. மஞ்சளும் போயிற்று. ஓடத்தில் இருந்த இருவரும் பளீரென்று எழும்பினார்கள். இத்தனை வருடம் கஸ்பர் தன் தலையில் கட்டிய ஊத்தை இது என்று எண்ண எண்ண, துணி இன்னும் அழுத்தமாகச் சுழன்றது. கடைசியில் டொலர் நிலாணியின் விளக்கைப் போல மின்னியது.

"திருநீறு ஏன் இவ்வளவு குறைஞ்சு கிடக்கு?" என்று பின்னேரம் அவள் கேட்டாள்.

"நெத்திக்குப் பூசினனான்," என்றான். அவள் அவனுடைய வெறும் நெற்றியைப் பார்த்தாள்.

டொலரை அந்தத் தபால் பெட்டி முகவரிக்கு அனுப்பிய சில வாரங்களில் கண்ணாடிப் பெட்டி வந்தது. பொன்னெழுத்தில் அறுபத்தாறு.

கஸ்பரின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுத்த அன்று வீடு நிறையச் சனம். கஸ்பரின் மனைவி எமில்டா கட்லெட் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தாள். வாகீசன் உடுப்புப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, கேக்குக்குப் பக்கத்திலேயே தாங்கியில் நிறுத்தினான்.

"அறுபத்தாறோ!" என்று கத்தினார் மரியரட்ணம் அங்கிள். "டேய் கஸ்பர், வீடு பெருத்து என்ன, டொலர் சின்னனாப் போச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனான். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நல்லா மினுங்குது மச்சான்," என்றான் கடைசியில். பெட்டியை வாகீசனின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மெல்ல மூடிவிட்டான்.

எரியுதடா உனக்கு, எரியட்டும் என்று வாகீசன் நினைத்துக்கொண்டான். அன்றிரவு பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டான்.

இலையுதிர் காலத்தில், ரெக்ஸ்டேலுக்கு அருகே ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. கஸ்பரின் காரிலேயே இருவரும் போனார்கள். "டொலரைக் கொண்டுவராதை, சும்மா பார்த்திட்டு வருவம்," என்று கஸ்பர் சொல்லியிருந்தான். சொன்னதற்காகவே வாகீசன் கொண்டுபோனான். கஸ்பர் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய வியாபாரி ஒருவர் வாயால் அந்த அறுபத்தாறைக் கேட்கவேண்டும்.

வெள்ளைத் தாடி வைத்த ஒரு வியாபாரி பெட்டியை வாங்கினார். பொன்னெழுத்தைப் பார்க்கவே இல்லை. விளக்கடியில் நாணயத்தைச் சரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். தான் நாணயத்தைத்தான் வாங்குவதாகவும் பெட்டியை வாங்குவதில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கண்ணாடியை வாகீசனிடம் கொடுத்து நாணயத்தின் இரு பக்கங்களையும் திருப்பிக் காட்டினார். அரசரின் கன்னம் முழுக்க, ஓடக்காரர்களின் முதுகு முழுக்க, தலைமயிரிலும் மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாய் ஓடின. துணி சுழன்ற வட்டம்.

"யார் இதைத் தேய்த்தது?" என்று கேட்டார்.

வாகீசன் கண்ணாடியைக் கீழே வைத்தான். அவன் பக்கத்தில் கஸ்பர் அமைதியாகப் பதில் சொன்னான். நாங்கள் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது ஐயா என்றான். வியாபாரி தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கார் கிழக்கே ஓடியது. வானொலியைக்கூடக் கஸ்பர் போடவில்லை. மழை தூறத் தொடங்க, கண்ணாடி துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

"உனக்கு அண்டைக்கே தெரியுமே?" என்று கேட்டான் வாகீசன்.

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது? நிலாணியும் நிண்டவ."

அந்த இரக்கம் வாகீசனைச் சுட்டது. உள்ளே கிடந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "நீ பெரிய நல்லவன் மாதிரிக் கதையாதை! பூவா தலையா வெண்டு நல்லதை நீ எடுத்தாய். ஊத்தையை என்ரை கையிலை தந்தாய். எல்லாத்திலையும் அப்பிடித்தான்!"

கஸ்பர் பாதையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"என்ரை டொலரிலை அரசற்றை மூக்கடியிலை ஒரு வெட்டு இருக்கு, நீ ஒருநாளும் பார்க்கேல்லையே? நல்லது உன்ரைதான் மச்சான். அந்த நீலம் ஊத்தையில்லை. வெள்ளி தன்ரை பாட்டிலை கிடந்து வருசக்கணக்கா எடுக்கிற நிறம். அதுக்கெண்டே அலையுற ஆக்கள் இருக்கினம். நான் வெண்டுபோட்டு வேணுமெண்டுதான் மற்றதை எடுத்தனான்."

"ஏன்?"

"பஸ்ஸிலை இருந்து அந்த வீட்டைக் கண்டது நீ. இறங்குவம் எண்டு சொன்னதும் நீ. நான் நித்திரை தூங்கிக்கொண்டெல்லே இருந்தனான்."

வாகீசன் மடியிலிருந்த பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்தான். அந்தப் பொன்னெழுத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதை முந்தியே சொல்லியிருக்கலாம்," என்றான், குரல் அடங்கி.

"தொடாதை எண்டு சொன்னனான். நம்பினியோ?"

வோபர்ன் வந்து, அடுக்குமாடி வாசலில் கார் நின்ற பிறகும் வாகீசன் இறங்கவில்லை. கஸ்பரும் இறங்கச் சொல்லவில்லை. மழை விட்டிருந்தது.

அடுத்த வாரம் வாகீசன் சுத்தியலால் அந்தப் பெட்டியை உடைத்து டொலரை வெளியே எடுத்தான். கஸ்பர் முதலில் சொன்ன அந்தக் கடுமையான இடத்துக்கே கொண்டுபோனான். கவுண்டரில் இருந்த பெண், இது தேய்க்கப்பட்டிருக்கிறது, அட்டையில் அதையும் எழுதுவார்கள், பரவாயில்லையா என்று கேட்டாள். எழுதட்டும் என்றான்.

மெல்லிய உறையில் டொலர் திரும்பி வந்தது. தேய்க்கப்பட்டது என்று அட்டையில் ஒரு சொல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவன் அதை நிலாணியின் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதை ஏன் எல்லாருக்கும் தெரியுற மாதிரி வைக்கிறியள்?" என்றாள் அவள். "கஸ்பர் அண்ணை ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகினம் எல்லே?"

"வரட்டும், மரியரட்ணம் அங்கிளையும் கூப்பிடும். எல்லாரும் பார்க்கட்டும்." பிறகு, தனக்கே சொல்வதுபோல் சொன்னான்: "கஸ்பர் என்ரை பங்கிலை ஒண்டும் எடுக்கேல்லை நிலாணி. கூடத்தான் தந்தவன். அவன்ரை கையையே பார்த்துக்கொண்டிருந்ததிலை, என்ரை கையிலை கிடந்ததை நானே தேய்ச்சு அழிச்சுப்போட்டன். பொறாமை பிடிச்சவனுக்கு உண்மை சொல்லுறவன் எதிரி. இனிக்கப் பொய் சொல்லுறவன்தான் நீதவான்."

நிலாணி திருநீற்றுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். திருநீற்றுப் பெட்டியை அவன் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"இண்டைக்கெண்டாலும் நெத்திக்குப் பூசுங்கோ," என்றாள்.