நானா அனுப்பிய சோஸ்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் மாட்டிறைச்சிக் குச்சிகளைக் கரி அடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஜப்பான் சோஸில் ஊறிய இறைச்சி. ஹோலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாப்பாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் தன் கையால் ஏதாவது சமைக்கட்டும் என்று மாப்பிள்ளையின் உம்மா ஸும்றா மாமி சொல்லியனுப்பியிருந்தார். பிரியாணி எல்லா வீட்டிலும் கிடைக்கும் என்று இதைத் தெரிவுசெய்தது உம்மா.

தொட்டுக்கொள்வதற்காகப் போத்தலில் மிஞ்சிய சோஸை இஞ்சியும் எள்ளும் போட்டுச் சூடாக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. கெம்பஸ் ஆய்வுகூடத்தில் பழகிய மணம். எதனோல்.

போத்தலை அனுப்பியது எங்கள் வீட்டு மூத்த பிள்ளை, ஜப்பானில் இருக்கும் அகீல் நானா. போன் எடுத்தேன். கடையில் விசாரித்துத்தான் வாங்கினாராம், பன்றி சம்பந்தமாக ஒன்றும் இல்லையாம். வேறெதையும் கேட்கத் தோன்றவில்லையாம். போத்தலைப் படம் பிடித்து அனுப்பினேன். அரிசியில் செய்த வைன் கலந்திருக்கிறது என்றார்.

உம்மாவிடம் சொன்னேன். ஹோல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சோஸை சிங்கில் ஊற்றினார்.

"எறச்சி நெருப்புல வெந்தாச்சு, எல்லாம் போயிரும். நீ வாயத் தொறக்காத."

முழுவதும் போகாது. ஊறியதில் கொஞ்சம் தங்கும். எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், நடுவில் விட்டுப்போனது. போன தடவை வந்தவர்கள் பிள்ளை கதைக்கவே இல்லையே என்று சொல்லிப் போனவர்கள். இதுவும் போனால் உம்மா தாங்கமாட்டார்.

தட்டை அவரே கொண்டுபோய் வைத்தார். ஸும்றா மாமி பிஸ்மி சொல்லி ஒரு குச்சியை எடுத்தார்.

"மாமி, சாப்புட வாணாம்."

அவர் கை நின்றது. நிலத்தைப் பார்த்தபடி காரணத்தைச் சொன்னேன். வாப்பா எழுந்துவிட்டார்.

"ஒங்க உம்மாக்கு இது தெரியுமா?" மாமி என்னைக் கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியும் என்றால் உம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகும். இல்லை என்றால் பொய். உம்மாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"தெரியும்," என்றார் உம்மா.

மாமி குச்சியைத் தட்டில் வைத்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"முட்டை ஈக்கிதா வூட்டுல?"

மூவரும் குசினிக்குப் போனோம். நான் வெங்காயம் வெட்டினேன். உம்மா முட்டை உடைத்தார். கோது உள்ளே விழுந்தது. மாமி அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, பச்சை மிளகாய் போதுமா என்று என்னைக் கேட்டார். போதும் என்றேன். மாமியின் குரலிலிருந்து, இந்தச் சம்பந்தத்துக்கு அவருடைய பதில் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.