முப்பது ரூபாய்த் தக்காளி

எங்கள் தெருவில் தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டை அறுத்தால், கறியைக் கூறு வைத்துவிட்டு ஒருவர் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. எலும்பு வந்தாலும் ஈரல் வந்தாலும் யாரும் பேசக்கூடாது. இந்த ஐப்பசியில் காய்கறியையும் அப்படித்தான் பங்கு போட ஆரம்பித்தோம். கறி விற்ற விலைக்குக் காய் விற்றால் வேறு என்ன செய்வது?

மழை விடாமல் அடித்தது. ராஜபாளையத்துக் கடைகளில் தக்காளிக்கு ஆனை விலை குதிரை விலை சொன்னார்கள். கிலோ தொண்ணூறு. வெங்காயத்துக்கு அதற்கும் மேலே. நான், மாரிக்கனி, தங்கபாய், கடைசி வீட்டுப் பாண்டிசெல்வி நாலு பேரும் பணம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை விடிய, நானும் மாரிக்கனியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிப்போம். அங்கே மண்டியில் பெட்டியாகவும் மூட்டையாகவும் எடுத்தால் கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மூட்டைக்கு உண்டு. கண்டக்டர் மூட்டையைப் பார்ப்பார், மாரிக்கனி கண்டக்டரைப் பார்ப்பாள். பாதி நாள் மூட்டைக்கும் டிக்கெட் இருக்காது.

கொண்டுவந்து என் வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கொட்டுவோம். பெட்டித் தக்காளியில் மேலே இருப்பது நன்றாக இருக்கும், அடியில் நசுங்கிக் கிடக்கும். அதனால்தான் இந்தத் திரும்பி நிற்கிற ஏற்பாடு. சண்டை வராது. தங்கபாய் சர்ச் முடிந்து வருகிற வரைக்கும் காத்திருந்துதான் கூறு வைப்போம்.

இப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாண்டிசெல்வி வந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாசம். புருஷன் வேல்பாண்டி ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவன். நூல் விலைபோகவில்லை என்று மில்லில் வாரத்துக்கு மூன்று ஷிப்டு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் ரொம்பக் கம்மியாக இருக்கிறது, கீரை, பீட்ரூட், மாதுளை என்று சாப்பிடாவிட்டால் பிரசவத்தில் கஷ்டப்படுவாய் என்று நர்ஸம்மா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா, இந்த வாரம் எனக்குப் பங்கு வேண்டாம்" என்றாள். "எங்கம்மா தேவதானத்துல இருந்து கத்திரிக்கா குடுத்து விட்டுருக்கு. அதுவே கெடக்கு."

தேவதானத்தில் அவள் அம்மாவுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரார் வயலில் களை எடுக்கிற பெண்பிள்ளை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். சும்மா வாங்கிக்கொள் என்றால் இவள் வாங்க மாட்டாள். ஒரு தடவை கொழுக்கட்டை கொடுத்துவிட்ட கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று, வீட்டில் இருந்த கடைசிச் சீனியைப் போட்டுக் கொண்டுவந்தவள். அவ்வளவு ரோசம்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. "அட கூறுகெட்டவளே, வெலை எறங்கிப்போச்சுட்டி. மண்டியில தக்காளி முப்பதாம். மத்ததும் அப்படித்தான் எறங்கிருக்கு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவாக்கா? அப்பம் பங்கு எம்புட்டு வரும்?"

"நூத்தம்பது."

ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தாள். உண்மையில் பங்கு நானூறு ரூபாய்.

மறுநாள் பஸ்ஸில் மாரிக்கனியிடம் சொன்னேன். "ஒனக்கு என்ன கிறுக்கா? மிச்சத்தை ஒங்க ஐயாவா குடுப்பாரு?" என்று ஏசினாள். ஏசிவிட்டு, பஸ் கொஞ்ச தூரம் போன பிறகு, "சரி, மூணு வீட்டுலயும் பிரிச்சுப் போட்டுக்கிடுவோம்" என்றாள். அவள் குணமே அதுதான், முதலில் ஏச்சு, பொறவு காசு. தங்கபாயிடம் சொன்னதற்கு, "சாமி கும்பிட்டுட்டு இப்பந்தான் வாரேன். வாசல்ல வச்சே பொய்க்குக் கூட்டுச் சேக்கியளே" என்று சலித்துக்கொண்டாள். ஆனாலும் கொடுத்தாள்.

அந்த வாரத்திலிருந்து பழமும் வாங்கினோம். அவளுக்கு மட்டும் மாதுளை வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று நாலு கூறிலும் வைத்தோம். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மாதுளையைப் பார்த்ததும், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாதுளை வந்தால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். "நமக்குத்தான், தின்னுங்க" என்றேன்.

இரண்டு மூன்று வாரம் ஓடியது. பாண்டிசெல்வி கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. கிணற்றில் விழுந்த மாதிரி உள்ளே போயிருந்த கண்ணும் தெளிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்? ஒரு பொய் சொன்னாலும் உருப்படியாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தளவாய்புரத்து ராக்கப்பன் டி.வி.எஸ். வண்டியில் மைக் கட்டிக் காய் விற்கிறவர். மழைக்காக எங்கள் தெருப்பக்கம் வராமல் இருந்தவர், ஒரு வியாழக்கிழமை வந்தார். "தக்காளி கிலோ எண்பத்தஞ்சு" என்று மைக் சொன்னது. நாலைந்து பெண்கள் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்த பாண்டிசெல்வி நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இப்படிக் கொள்ளையடிக்கிய? ஸ்ரீவில்லிபுத்தூர்ல முப்பது ரூபா. நாங்க வாரா வாரம் வாங்குதோம். இந்தா இருக்க ஊருக்குக் கொண்டுட்டு வர அம்பத்தஞ்சு ரூபாயா?"

நான் வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி நிறுத்து வாங்கிய தக்காளியைத் திரும்பத் தராசில் கொட்டிவிட்டாள்.

"முப்பதுக்கு எவன் குடுக்கான்?" ராக்கப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்த மண்டின்னு சொல்லு தாயி. வண்டியை வித்தாவது அம்புட்டையும் அள்ளிக்கிடுதேன்."

"அந்தா, குருவம்மாக்காகிட்டயே கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினாள். அவள் குரலில் என்ன ஒரு நிச்சயம்! ஊருக்காக நியாயம் கேட்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள். "ஒரே தெருவுல இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லலாம்லா?" என்று ஒருத்தி. "இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு அஞ்சு கிலோ" என்று இன்னொருத்தி முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நான் சொல்லிவிட்டேன், ஊரே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது.

"அது போன வாரம். இந்த வாரம் ஏறிப்போச்சு" என்றேன்.

ராக்கப்பன் விடவில்லை. "போன வாரமும் எழுவதுக்குத்தான் எடுத்தேன். அதுக்கு முந்தின வாரமும் எழுவது. பெட்ரோலு, அழுகலு, எடைக் கழிவு எல்லாம் போக எனக்குக் கிலோவுக்கு அஞ்சு ரூபா நிக்கும். நான் பொய் சொல்லுதேன்னா இந்தத் தெருவுல இனி எங்கிட்ட யாரு வாங்குவா? நீங்களே சொல்லுங்க."

அந்த மனுஷனைப் பார்த்தேன். நனைந்த சட்டையோடு, தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவரைக் கள்ளனாக்க எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. முப்பதுக்கு எங்கயும் கெடையாது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தெருவே என்னைத் திட்டியது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறாள் என்றார்கள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. பாண்டிசெல்வி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் புரியாத பார்வை. பிறகு, சத்தம் கேட்டு வந்து என் பக்கத்தில் நின்ற மாரிக்கனியைப் பார்த்தாள், மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"கத்திரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதான ஆகணும்" என்றாள் மாரிக்கனி. "நீ செத்த நேரம் சும்மா இரு" என்றேன்.

சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன். வேல்பாண்டிதான் திறந்தான். "படுத்துருக்கா அக்கா. பொறவு வாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது. அப்படி என்ன கொலைபாதகம் செய்துவிட்டேன்? நல்லதுதானே செய்தேன்? கொடுத்த காசைக் கேட்டேனா? ராத்திரிச் சோறு தின்னும்போதுதான் உறைத்தது. நான் சொன்னதை நம்பி, அவள் நடுத்தெருவில் நின்று நியாயம் பேசினாள். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு இரக்கப்பட்டோம், கடைசியில் அத்தனை பேருக்கு முன்னால் அவளை ஒன்றும் தெரியாதவளாக ஆக்கிவிட்டோம். சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாங்கி வந்து கொட்டினோம். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பழக்கத்தில் நாலு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள்.

"மூணாப் போடுங்கக்கா. எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கிடுதேன். நெசமான வெலையை மட்டும் சொல்லுங்க."

தங்கபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கூறை எல்லாம் கலைத்தேன்.

அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். பீட்ரூட் விலையைக் கேட்டாள், சொன்னேன். சின்னதாகப் பார்த்து எடுத்தாள். கீரை இரண்டு கட்டு எடுத்தாள். கேரட்டைத் தொட்டாள், விட்டுவிட்டாள்.

"தக்காளி?"

"எழுபத்தி ரெண்டு."

"வேண்டாம். புளி இருக்கு."

மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு ஒனக்கு என்ன இம்புட்டு ரோசம்?"

"ரோசம் இல்ல மதினி. புளியை ஊத்திக் குழம்பு வச்சா எறங்கும். முப்பதுன்னு நம்பித் தெருவுல நின்னு கத்துனேன்லா, அதுதான் எறங்க மாட்டேங்கு."

அவள் இரண்டு மாதுளையை எடுத்துக் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"இது எம்புட்டுக்கா?"

மாரிக்கனி முழங்கையால் என் விலாவில் இடித்தாள். அவள் என்ன சொல்லச் சொல்கிறாள் என்று தெரியும். ரெண்டும் சேர்த்து நாற்பது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாண்டிசெல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிலோ எரநூத்தி இருவது. ரெண்டும் நூத்திப் பத்து வரும்" என்றேன்.

இரண்டையும் ஒரு தடவை பார்த்தாள். ஒன்றைப் பைக்குள் போட்டாள், மற்றதைச் சாக்கில் வைத்தாள். விரல் விட்டுக் கணக்குப் பார்த்து நோட்டை என் கையில் கொடுத்தாள். நான் எண்ணாமல் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை, கையை நீட்டியபடியே இருந்தாள்.

"மிச்சம் மூணு ரூபா தரணும்கா."

எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனாள்.